தகட்டிலிருந்து எழும்பும் அம்பாசிடர்

தட்டையான தகடு ஒன்று, வெட்டும் ஒட்டும் இல்லாமல், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே சமயத்தில் வளைந்து ஒரு கார் மட்கார்டாக எழும்பி நிற்கும். அதைத் தன் கையால் செய்து பார்த்தவருக்கு மட்டுமே கிடைக்கிற சந்தோஷம் ஒன்று இருக்கிறது. அதை யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் சின்ன அளவில் கார்கள் செய்கிறவன். நிஜக் காரின் ஒவ்வோர் அளவையும் பன்னிரண்டால் வகுத்து, அதே வளைவு, அதே விளிம்பு, அதே இடுக்கு என்று கட்டும் மாதிரிக் கார்கள். அட்டையில் செய்திருக்கிறேன், பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறேன், மரத்தில் செதுக்கியிருக்கிறேன். உலோகத் தகட்டுக்கு வந்த பிறகு வேறு எதையும் தொட மனம் வரவில்லை.

இப்போது மேசையில் இருப்பது அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் உருவத்தை எடுத்து, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கி, 2014 வரை செய்துகொண்டிருந்த கார். கலெக்டர் வந்து இறங்கிய கார், மாப்பிள்ளை அழைப்புக்குப் பூச்சரம் கட்டிய கார், டாக்ஸி ஸ்டாண்டில் கதவைத் திறந்துபோட்டு டிரைவர் தூங்கிய கார். நம்மில் யாருக்கும் அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தகட்டில் செய்ய உட்காரும்போதுதான் அதன் உடம்பு புரிகிறது. அந்தக் காரில் தட்டையான இடமே கிடையாது! கூரை நாலு பக்கமும் சரிகிறது. பானெட் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழ்கிறது. முன் மட்கார்டு ஹெட்லைட்டைச் சுற்றி உருண்டு, பின்னால் கதவை நோக்கி நீண்டு கரைகிறது. டிக்கி மூடி, பின் சக்கரத்தின் மேல் வரும் வீக்கம், எல்லாமே உருட்சி. தகட்டு வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தோன்றவில்லை.

அளவைச் சொல்கிறேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே நிஜக் காரில் 2,464 மி.மீ.; என் காரில் 205 மி.மீ. முழு நீளம் ஓர் அடிக்குச் சற்று மேல், இரண்டு கைகளிலும் ஏந்தலாம். மட்கார்டு உள்ளங்கையில் அடங்கும். நிஜக் காரின் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டில் ஒரு பங்கு 0.08 மி.மீ. ஜெராக்ஸ் தாளைவிட மெலிது! சக்கர வளைவின் ஓரம், பானெட்டின் நுனி, கதவின் விளிம்பு என்று கண்ணுக்குத் தெரிகிற ஓரங்கள் அத்தனையும் அந்த மெலிவில் இருந்தால்தான் கண் அதை நிஜக் கார் என்று நம்பும். வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கில் அந்த ஓரம் தடித்துப்போகும். தகட்டில் மட்டும்தான், 0.3 மி.மீ. கனத்தில் வேலையைச் செய்துவிட்டு, ஓரத்தை மட்டும் உள்பக்கமாக அரத்தால் இழைத்து இழைத்துக் கத்தி முனைக்குக் கொண்டுவர முடியும். அந்த ஓரம் வெளிச்சத்தைப் பிடிக்கிற அழகுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

நம் ஊரில் மாதிரி வண்டி செய்கிறவர்கள் நிறைய. அரசு பஸ்ஸை ஃபோம் ஷீட்டிலும் சன்போர்டிலும் அச்சு அசலாகச் செய்கிற பையன்களின் பொறுமையைக் கண்டு வாயைப் பிளந்திருக்கிறேன். பஸ்ஸின் பக்கவாட்டுக்கு அந்த அட்டைகள் அற்புதமாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே வளைவு ஒரு திசையில்தான். ஒரு திசை வளைவுக்கு எந்த அட்டையும் இணங்கும். இரண்டு திசையில் வளைக்கச் சொன்னால் அட்டை மடங்கும், கசங்கும், கிழியும். உலோகம் மட்டும்தான் ‘சரி’ என்கிறது. அது நீளும், சுருங்கும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும். திடப்பொருள் என்று பள்ளியில் படித்த ஒன்று விரலுக்கடியில் நகர்வதை உணர்கிற அந்த நிமிஷம் இருக்கிறதே!

தகடு எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அச்சகத்தில்! ஆஃப்செட் அச்சுக்குப் பயன்படும் பிளேட் கிட்டத்தட்டச் சுத்தமான அலுமினியம், பெரும்பாலும் 99.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 0.15 மி.மீ.யிலிருந்து 0.3 மி.மீ. வரை பல கனங்களில் வருகிறது. அச்சடித்து முடித்த பிளேட்டை எடைக்குப் போடுவார்கள். சிவகாசிப் பக்கம் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அச்சாகிற அந்த ஊரில் என்னைப் போன்றவனுக்கு வேண்டிய தகடு மலைமலையாக இருக்கும். வெளிநாடுகளில் விமான மாதிரி செய்கிறவர்கள் வெகுகாலமாக இந்த அச்சுத் தகட்டைத்தான் தேடி எடுக்கிறார்கள். அதன் அச்சுப் பக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். அச்சடிக்கும்போது தண்ணீரைப் பிடித்துக்கொள்வதற்காக அந்தப் பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, மேலே ஒரு கடினமான ஆக்சைடு படலமும் ஏற்றியிருப்பார்கள். தகடு வளையும்போது அந்தப் படலம் நுண்ணிய விரிசல்களாக உடையும். அதனால் அந்தப் பக்கத்தைக் காரின் உள்புறமாக வைத்துக்கொள்ளலாம், அல்லது நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு நீக்கலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பே இல்லாமல் செய்ய வேண்டிய காரியம் அது. அலுமினியத்தைக் காஸ்டிக் தின்னும்போது வெளிவருவது ஹைட்ரஜன்.

அச்சகத்திலிருந்து வரும் தகடு விறைப்பாக இருக்கும். அதை இளக்க வேண்டும். இந்தக் கலையிலேயே எனக்கு மிகப் பிடித்த சடங்கு இதுதான். அலுமினியத்தில் ஒரு சிக்கல் உண்டு: இரும்பையோ பித்தளையையோ போல அது சூடேறும்போது சிவந்து காட்டாது. 660 டிகிரியில் உருகிவிடும், அதுவரை நிறமே மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கும். எந்தச் சூட்டில் நிறுத்துவது? துணி துவைக்கிற கட்டிச் சோப்பை எடுத்துத் தகட்டின் ஒரு பக்கம் முழுக்கத் தேய்க்க வேண்டும். மறுபக்கத்தில் சின்ன டார்ச் சுடரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். வெள்ளைச் சோப்புக் கோடு முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, பிறகு காப்பிக் கொட்டைக் கறுப்பு. கறுத்த இடம் ஏறக்குறைய 350 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அங்கே அலுமினியம் இளகிவிட்டது. சுடரை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். பத்து ரூபாய்ச் சோப்பு ஒரு ஆய்வகத்து வெப்பமானி வேலையைச் செய்துவிடுகிறது! ஆறிய பிறகு தகட்டைத் தூக்கிப் பிடியுங்கள். கொஞ்சம் முன்பு விறைத்து நின்றது, இப்போது தன் எடையிலேயே தொய்கிறது. விரல் நகத்தால் தட்டினால் முன்பு ‘டிங்’ என்று பாடியது இப்போது ‘தொப்’ என்கிறது.

அடிக்க அடிக்க அந்த ‘தொப்’ மறுபடியும் ‘டிங்’ ஆகும். ஏன் என்று தெரிந்துகொண்டபோது இந்த வேலை மீது எனக்கு இருந்த மோகம் இரட்டிப்பானது. உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கில் அங்கங்கே ஒரு வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். சுத்தியல் விழும்போது நகர்வது அந்தப் பிசகுகள்தான். 1934-ல் டெய்லர், ஓரோவான், போலான்யி என்ற மூன்று அறிஞர்கள் தனித்தனியே இந்த விளக்கத்துக்கு வந்தார்கள். மேலும் மேலும் அடிக்கும்போது பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர இடமில்லாமல் முடிச்சிட்டுக்கொள்கின்றன, தகடு இறுகிவிடுகிறது. சூடு கொடுத்தால் சிக்கல் அவிழ்ந்து புதிய படிகங்கள் பிறக்கின்றன; தகடு மறுபடியும் கைக்கு வருகிறது. அடிப்பதும் இளக்குவதும், அடிப்பதும் இளக்குவதும். இந்தச் சுழற்சியின் ரகசியம் தெரியாமலேயே நம் கன்னார்கள் எத்தனை தலைமுறையாகக் குடமும் அண்டாவும் அடித்து எழுப்பியிருக்கிறார்கள்! எப்போது நிறுத்தி உலையில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் காதுக்குத் தெரிந்திருந்தது.

அடிப்பதற்கு முன்னால் அடிமரம் வேண்டும். காரின் வடிவில் செதுக்கிய கட்டை. அதன் மேல் தகட்டை வைத்துத்தான் வேலை. தேக்கு வேண்டாம், அதன் வரிகள் மெல்லிய தகட்டில் அப்படியே பதியும். நான் பயன்படுத்துவது மஞ்சக்கடம்பு. நெருக்கமான, சீரான மரம். உளிக்கு இணங்கும், அடிக்கும் தாங்கும். சின்னச் சின்ன வளைவுகளுக்கு எம்-சீல் உருட்டி அப்பி, இறுகிய பிறகு இழைத்துக்கொள்வேன். கட்டையின் வடிவத்துக்குச் செலவிடும் நேரத்தை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டையில் இல்லாத அழகு தகட்டில் வராது.

இப்போது ஒரு தாளை எடுத்துக் கட்டையின் மேல் போர்த்துங்கள். இந்த வேலையின் மூளை முழுக்க இந்த ஒரு தாளில் இருக்கிறது. உருண்ட இடத்தின் மேல் தாள் படியாது. ஓரங்களில் மடிப்பு விழும். அங்கே தாள் அதிகமாக இருக்கிறது, ஆகவே அங்கே உலோகத்தைச் சுருக்க வேண்டும், அல்லது நடுவை விரிக்க வேண்டும். ஹெட்லைட் உருண்டை உடம்போடு சேர்கிற கழுத்துப் பகுதியில், ஒரு திசையில் குழிந்து மறுதிசையில் குவிந்த இடத்தில், தாள் கிழியப் பார்க்கும். அங்கே தாள் போதவில்லை, ஆகவே ஓரத்தை விரிக்க வேண்டும். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பென்சிலால் ஒரு குறி, கிழியப் பார்த்த இடமெல்லாம் இன்னொரு குறி. அவ்வளவுதான், வரைபடம் தயார். நிஜக் கார் உடம்பைக் கையால் அடிக்கிற கைவினைஞர்களும் இதே காகிதச் சோதனையைத்தான் செய்கிறார்கள்.

விரிப்பது சுலபம், அதனால்தான் எல்லோரும் விரித்துக்கொண்டே போகிறார்கள். மணல் நிரப்பிய சின்னத் தோல் பையின் மேல் தகட்டை வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் நடுவில் தட்டினால் குழி விழும். கனம் குறைந்து பரப்பு கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓர் அரைக்கோளத்தின் பரப்பு, அதன் வாய் வட்டத்தின் பரப்பைப் போல இரண்டு மடங்கு. ஓரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு நடுவை மட்டும் இழுத்து ஹெட்லைட் கிண்ணம் செய்தால், 0.3 மி.மீ. தகடு சராசரியாக 0.15 மி.மீ. ஆகிவிடும், உச்சியில் அதைவிடவும் மெலியும், ஒரு கட்டத்தில் பிய்ந்துவிடும். ஆகவே ஓரத்திலிருந்து உலோகத்தை உள்ளே கொண்டுவரத் தெரிய வேண்டும். அதுதான் சுருக்குதல். அதுதான் இந்தக் கலையின் மகுடம்.

ஓரத்தைக் குறட்டால் பிடித்து, சோமாசி விளிம்பைப் போலச் சின்னச் சின்ன மடிப்புகளாக எழுப்ப வேண்டும். பிறகு தகட்டைக் கட்டையின் மேல் வைத்து, ஒவ்வொரு மடிப்பையும் மரக் கொட்டாப்புளியால் தட்டி அமுக்க வேண்டும். மடிப்பு ஓடிப்போக வழியில்லாமல், தனக்குள்ளேயே அடங்கும். கண் முன்னே அந்த மேடு கரைந்து தகட்டுக்குள் போகும். எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அந்த இடம் கனமாகியிருக்கிறது. ஓரம் சுற்றளவில் குறைய, நடு தானாக எழும்புகிறது! நடுவைத் தொடவே இல்லை, ஆனாலும் அது எழும்புகிறது. இதை நான் எத்தனை முறை செய்தாலும் ஒவ்வொரு முறையும் புல்லரிக்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சென்னை புதுப்பேட்டையில் டிங்கர் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். பழைய கார்களைப் பிரித்து உதிரி பாகமாக விற்கிற தெருக்களுக்கு நடுவில், ஒடுங்கிய பட்டறை. நெளிந்த அம்பாசிடர் கதவு ஒன்றின் உள்பக்கம், அடியைத் தாங்கும் இரும்பு டாலியை ஒரு கையால் ஏந்தி, வெளியே மறு கையால் சுத்தியலை ஆட்டிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

“பாய், ஒவ்வொரு அடியும் இவ்வளவு மெதுவா விழுதே?” என்றேன்.

“தகரத்த அடிக்கக் கூடாது தம்பி, தள்ளணும்,” என்றார் திரும்பிப் பார்க்காமல். “அதுக்குப் போக எடம் வேணும்ல. எங்க எடம் இருக்கோ அங்க தள்ளு. நடுவுல ஏறுதா, ஓரத்துல சுருக்கு. ஓரம் இழுக்குதா, பக்கத்துல லேசா விடு. கண்ண நம்பாத, கைய வச்சுப் பாரு.”

உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவிக் காட்டினார். ஒரு பழைய பனியன் துணியைக் கைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் மேடுபள்ளம் இன்னும் துல்லியமாகத் தெரியும் என்றார். வீட்டுக்கு வந்ததும் என் சின்ன மட்கார்டில் விரல் நுனியால் செய்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரிந்தது. உத்தர்பாராத் தொழிற்சாலையில் ராட்சத அச்சுகள் அழுத்தி எடுத்த உடம்புதான் அம்பாசிடர். ஆனால் நம் ஊர்த் தெருக்களில் ஓடிய பிறகு அதன் உடம்பை இந்த மாதிரிக் கைகள்தான் வருஷக்கணக்கில் காப்பாற்றின. என் மட்கார்டில் நான் செய்வது அவர்கள் செய்ததையேதான். சின்ன சுத்தி, சின்ன டாலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கையால் அடித்த கார் என்றால் இத்தாலியின் மொடீனாவைச் சொல்லாமல் முடியாது. செர்ஜியோ ஸ்காலியெத்தி அங்கே ஃபெராரிக்காக அலுமினிய உடம்புகளை மணல் மூட்டையின் மேல் வைத்து அடித்து எழுப்பினார்; வரைபடத்தைவிடத் தன் கண்ணையே நம்பிய மனிதர். 1962-க்கும் 1964-க்கும் இடையில் 36 மட்டுமே செய்யப்பட்ட 250 ஜி.டி.ஓ. அவர் பட்டறையின் கைவேலை. கம்பிகளை வளைத்துக் காரின் உருவத்தைக் கூடாகக் கட்டி, அதில் தகட்டைப் பொருத்திப் பொருத்திப் பார்த்து அடிப்பது அந்த ஊர்ப் பழக்கம். மிலான் நகரத்துத் தூரிங் நிறுவனம் 1930-களில் கொண்டுவந்த சூப்பர்லெஜ்ஜேரா முறையில் இரும்புக் குழாய்க் கூடு அப்படியே காருக்குள் தங்கி, மேலே அலுமினியத் தோல் மட்டும் போர்த்தப்படும். நானும் பித்தளைக் கம்பியை வளைத்துப் பற்றவைத்து ஒரு கூடு கட்டிப் பார்த்தேன். கட்டைக்கு மேல் தகடு எங்கே தொடவில்லை என்று தெரியாது. கூட்டில் வெளிச்சம் உள்ளே புகுந்து எல்லா இடைவெளியையும் காட்டிக்கொடுத்துவிடும். அதிலும் ஒரு சுகம்!

சின்ன அளவில் இதைச் செய்த மகான்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்குரோவ் பழைய பெருங்கார்களை 1:15 அளவில் தன் கையாலேயே கட்டியவர், அந்த முறைகளை விளக்கிப் புத்தகமும் எழுதியவர். ஹவாய்த் தீவின் ஹொனலூலுவில் பல் மருத்துவராக இருந்த யங் பார்க் 1:16 அளவில் மஸ்டாங், கோர்சேர் போர் விமானங்களை அலுமினியத்தில் செய்தார். கோர்சேரின் சிறகு கூட மடங்கும். கலிஃபோர்னியாவில் கைத்திறனுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகம் ஒன்றில் அவர் வேலை இருக்கிறது. அதன் படங்களை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு தகட்டுத் துண்டின் ஓரத்தையும் பார்ப்பேன். பல்லோடு பழகிய கைக்கு இந்தத் துல்லியம் இயல்பாகவே வந்திருக்கும் என்று தோன்றும்.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு பெரிய பாடசாலை இருக்கிறது. கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற வெள்ளிக் கவசத்தை அடுத்த முறை தரிசிக்கும்போது, அதன் முகத்தை, மூக்கின் நுனியை, தோளின் உருட்சியைப் பாருங்கள். மெல்லிய தகட்டை அடித்து எழுப்பிய நகாசு வேலை அது. தஞ்சாவூர்த் தட்டின் நடுவில் இருக்கும் வெள்ளி உருவமும் அப்படித்தான். நகாசுக்காரர்கள் தகட்டை வெற்றுப் பலகையில் வைக்க மாட்டார்கள். குங்கிலியமும் செங்கல் பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அரக்குப் படுக்கையில் பதிப்பார்கள். அடிக்கிற இடத்தில் அது அமுங்கிக் கொடுக்கும், சுற்றியுள்ள இடத்தில் தாங்கிப் பிடிக்கும். பானெட்டின் நுனியில் வரும் சின்னம், சக்கரத்து ஹப் கேப்பின் வளையங்கள், ஹெட்லைட்டைச் சுற்றிய பட்டையின் மடிப்பு ஆகிய மூன்றையும் நான் அரக்கில் வைத்துத்தான் எடுக்கிறேன். முனை மழுங்கிய சிற்றுளியை நகர்த்திக்கொண்டே, மேலே சின்னச் சுத்தியால் விடாமல் தட்டிக்கொண்டே போகும்போது கோடு தானாக ஓடிவரும். கூர்மையான மடிப்பு, சுற்றிலும் ஒரு நெளிவு கிடையாது. பிறகு அரக்கைச் சூடாக்கித் தகட்டை உரித்தெடுத்துத் திருப்பிப் பார்க்கும் அந்தக் கணத்துக்கு ஈடு இணை இல்லை.

கருவிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், ஆகவே சுருக்கமாக. பத்தர்கள் பயன்படுத்தும் சின்னச் சுத்தி ஒன்று. புளிய மரத்தில் கடைந்த கொட்டாப்புளி ஒன்று. பால் பேரிங் குண்டுகளைக் கம்பி நுனியில் பற்றவைத்த தேய்ப்பான்கள், பெரிதும் சிறிதுமாக. அடியில் போட ஒரு பழைய மவுஸ் பேட்; அதன் மேல் தகட்டை வைத்துத் தேய்ப்பானால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால், சுத்தியின் தடமே இல்லாமல் மென்மையான உப்பல் வரும். கதவுத் தோலுக்கு அதுதான் சரி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். சுத்தியின் முகம் கண்ணாடியாக மின்ன வேண்டும். எண் குறைந்த உப்புத்தாளில் தொடங்கி மிக நுண்ணியது வரை தேய்த்து, பிராசோ போட்டுத் துடைத்து, முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சுத்தியில் உள்ள கீறல் ஒவ்வோர் அடியிலும் தகட்டில் அச்சாகும்; சுத்தியின் பளபளப்பும் அப்படியே அச்சாகும்.

சக்கர வளைவின் உள்மடிப்பு தனி அத்தியாயம். குழிந்த ஓரத்தை உள்ளே மடக்கும்போது ஓரம் நீள வேண்டியிருக்கும், அங்கேதான் தகடு பிளக்கும். முன்கூட்டியே நன்றாக இளக்கி, ஓரத்தின் பிசிறுகளை எல்லாம் அரத்தால் நீக்கி வழவழப்பாக்கி, ஒரே மூச்சில் மடக்காமல் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். வெளிப்பக்கம் குவிந்த ஓரங்களில் நேர் எதிர். அங்கே சுருக்க வேண்டும். ஒரே மட்கார்டில், ஒரு சாண் தூரத்துக்குள், விரிப்பதும் சுருக்குவதும் இரண்டும்! அதனால்தான் அம்பாசிடர் மட்கார்டை நான் இவ்வளவு கொண்டாடுகிறேன்.

துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டிய இடங்களுக்கு அலுமினியத்தை விட்டுவிட்டு 0.25 மி.மீ. பித்தளைக்கோ செம்புக்கோ போகிறேன். அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. எபாக்ஸியோ ரிவெட்டோ வேண்டும். பித்தளை சமர்த்து. மங்கிய வெளிச்சத்தில் இலேசான செம்மை தட்டும் வரை காட்டினால் இளகிவிடும். 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்றை முதலில் வைத்து, 183 டிகிரியில் உருகும் ஈயப்பற்றைப் பிறகு வைத்தால், இரண்டாவது சூட்டில் முதல் இணைப்பு அசையாது. என் அம்பாசிடரின் முன் கிரில்லும் கண்ணாடிச் சட்டங்களும் பித்தளைதான். செம்பு பித்தளையைவிட மென்மையாகக் கைக்கு வரும். பழகத் தொடங்குகிறவருக்கு அதையே சொல்வேன்.

எல்லாம் முடிந்த தகட்டை வாசிப்பது ஒரு தனி இன்பம். அறையில் டியூப் லைட் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, மட்கார்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் நீண்ட பிரதிபலிப்பு தகட்டின் மேல் வழிந்து வரும். அந்தக் கோடு உடையாமல், நெளியாமல், ஹெட்லைட்டின் நெற்றியிலிருந்து கதவின் விளிம்பு வரை ஒரே ஓட்டமாக ஓடினால் வேலை முடிந்தது. கோடு எங்கே துடிக்கிறதோ அங்கே மேடு இருக்கிறது. கார்த் தொழிற்சாலைகளில் வரிசையாக விளக்குகள் பொருத்திய கூடத்துக்குள் காரை நிறுத்தி இதே மாதிரிதான் மேற்பரப்பைச் சோதிக்கிறார்கள். பட்டி போட்டு நிரவி, மேலே பெயின்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு காரையாவது பெயின்ட் அடிக்காமல் வெறும் உலோகமாக விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெயின்ட் அடித்த காரில் நிறம்தான் தெரியும். வெறும் உலோகத்தில் வடிவம் தெரியும், ஒவ்வொரு தட்டும் தெரியும், அதைச் செய்த கை தெரியும். என் அம்பாசிடர் வெறும் அலுமினியமாகவே நிற்கப்போகிறது. கிரில்லும் விளக்கு வளையமும் மட்டும் பளபளப்பாக.

அடுத்து கூரை. அதுதான் காரிலேயே பெரிய தகடு, வளைவோ மிக மிக மெலிது. அந்த மெலிவுதான் அதைச் சவாலாக்குகிறது. சுத்தி கொண்டு போனால் தடம் தெரியும், இழுவிசை எங்காவது ஏற்றத்தாழ்வாக இருந்தால் தகடு உள்ளும் வெளியுமாக ‘டொக், டொக்’ என்று துள்ளும். அதற்காக ஒரு சின்ன உருளை யந்திரம் செய்து வைத்திருக்கிறேன். கீழே வெளிப்புறம் சற்று உருண்ட பேரிங், மேலே தட்டையான பேரிங், அழுத்தத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு. பெரிய பட்டறைகளில் இருக்கும் இங்கிலீஷ் வீலின் கையடக்க வடிவம். தகட்டை இரண்டு உருளைகளுக்கும் நடுவே முன்னும் பின்னும் ஓட்ட ஓட்ட, நெருக்கமான கோடுகளாக அது விரிந்து, தலைமுடி கனத்துக்குத் தலைமுடி கனமாக உப்பி வரும். மாதிரித் துண்டுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அத்தனை அழகு!

நீங்களும் தொடங்குங்கள். கார் முழுவதும் வேண்டாம், ஒரு ஹெட்லைட் கிண்ணம் போதும். ஒரு கட்டையில் குழி தோண்டுங்கள், சோப்பைத் தேய்த்துத் தகட்டை இளக்குங்கள், மழுங்கிய கம்பியால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி வாருங்கள். அச்சகத்தில் பழைய பிளேட் கேட்கும்போது 0.3 கனமா என்று விசாரித்து வாங்குங்கள். 0.15 தான் இருக்கிறது என்றால் அதையும் விட்டுவிடாதீர்கள், கதவுத் தோலுக்கு ஆகும்.